பேனர், ஹோர்டிங் அனுமதி: களத்தில் எங்கே இடறுகிறது? (அனுபவப் பகிர்வு)

அளவுநாடா:
முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். ஹோர்டிங் வேறு, டிஜிட்டல் பேனர் வேறு. இரும்புத் தூணில் நிரந்தரமாக நிற்கும் விளம்பரப் பலகைக்கு உரிமம் வாங்க வேண்டும். அதற்கான விதிகள் தமிழ்நாட்டில் 2003-ல் வந்தன. நான்கு நாள் விசேஷத்துக்குக் கட்டும் ஃப்ளெக்ஸ் பேனருக்குத் தனி விதிகள் 2011-ல் வந்தன. ஹோர்டிங் உரிமத்தைக் காட்டிப் பேனர் கட்ட முடியாது, பேனர் அனுமதியை வைத்துக்கொண்டு தூண் நடவும் முடியாது. 2023-ல் நகர்ப்புற உள்ளாட்சிகளுக்குப் பொதுவான புதிய விதிகள் வந்துவிட்டதால், பழைய படிவத்தை ஜெராக்ஸ் கடையில் வாங்கி நிரப்பாதீர்கள். நடப்புப் படிவமும் கட்டணமும் என்ன என்று உள்ளாட்சி அலுவலகத்தில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

ஹோர்டிங்கில் அதிகம் அடிபடுவது இடம்தான். 2003 விதிகள்படி பள்ளி, கல்லூரி, வழிபாட்டுத் தலம், உள்நோயாளிகள் உள்ள மருத்துவமனை ஆகியவற்றின் முன்னால் கூடாது என்று இருந்தது. சாலைச் சந்திப்பிலிருந்து இரு பக்கமும் 100 மீட்டருக்குள்ளும் கூடாது என்று இருந்தது. விளம்பரம் கொடுப்பவர் கேட்பதோ சிக்னல் பக்கத்து இடத்தைத்தான். வண்டி நிற்கும் இடத்தில்தானே ஆள் நிமிர்ந்து பார்ப்பான்! இந்த விதிகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது.

சவுக்குக்கம்பு:
பேனர் அச்சடிக்கும் பக்கத்திலிருந்து. 2011 விதிகளில் 15 நாள் முன்னால் விண்ணப்பம், பேனர் ஒன்றுக்கு 200 ரூபாய் கட்டணம், 50 ரூபாய் வைப்புத்தொகை என்று இருந்தது. இட உரிமையாளரின் சம்மதமும் காவல் நிலையத் தடையின்மைச் சான்றும் இணைக்க வேண்டியிருந்தது. அதிகபட்சம் 6 நாள். பேனரின் அடியில் அனுமதி எண், எந்தத் தேதி வரை, அச்சகத்தின் பெயர் மூன்றும் இருக்க வேண்டும் என்றும் சொல்லியிருந்தது.

நடைமுறையில் கெடுவது இப்படித்தான். டிசைன் முடிந்து பிரிண்டும் போன பிறகு எண் வரும். பிறகு அதை ஸ்டிக்கராக ஒட்டுவார்கள், முதல் மழையில் அது உரிந்துவிடும். கோப்பிலேயே அடியில் அரை அடிப் பட்டையை வெற்றாக விட்டுவைத்து, எண் கைக்கு வந்த பிறகே மெஷினில் ஏற்றுங்கள். இன்னொன்று, ஒரு பேனருக்கு வாங்கிய எண்ணைப் பத்துப் பேனரிலும் போடுவது. பக்கத்துப் பக்கத்தில் இரண்டு நின்றாலே மாட்டிக்கொள்வீர்கள்.

காதுகுத்துக்கும் கல்யாணத்துக்கும் 15 நாள் சரி. கண்ணீர் அஞ்சலி பேனருக்கு? யார் எப்போது போவார் என்று தெரிந்து விண்ணப்பிக்க முடியுமா! அனுமதியில்லாமல் நிற்பவற்றில் அதுவும் நிறைய.

தூண்நடு:
காற்றைப் பற்றி யாரும் பேசவில்லையே. காற்று விசைக்கான இந்தியத் தரநிலையான ஐஎஸ் 875 பகுதி 3-ன்படி அடிப்படைக் காற்று வேகம் சென்னைக்கு நொடிக்கு 50 மீட்டர், கோவைக்கு 39. அழுத்தத்துக்கான கணக்கு (சதுர மீட்டருக்கு நியூட்டனில்) 0.6 பெருக்கல் வேகத்தின் வர்க்கம். 20 அடிக்கு 10 அடிப் பலகை என்பது 18.6 சதுர மீட்டர். சென்னையில் அதன்மேல் வரும் தள்ளுவிசை ஏறத்தாழ 2,800 கிலோ எடைக்குச் சமம், கோவையில் 1,700-க்குச் சற்று மேல். நிலப்பரப்பு, உயரம், வடிவம் ஆகியவற்றுக்கான காரணிகளைச் சேர்ப்பதற்கு முந்தைய கணக்கு இது. கோவையில் போட்ட வரைபடத்தை அப்படியே சென்னைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது இதனால்தான்.

மும்பை காட்கோபரில் 2024 மே 13-ல் விழுந்து 17 பேரைக் கொன்ற பலகை 120 அடிக்கு 120 அடி. மாநகராட்சி அனுமதிக்கும் உச்ச அளவு 40-க்கு 40. அதாவது பரப்பில் ஒன்பது மடங்கு. மணிக்கு 49 கிலோமீட்டர் காற்றைத்தான் அது தாங்கியிருக்கும் என்று ஆய்வறிக்கை சொன்னது. அன்று அடித்த காற்று 87. வேகம் இரண்டு மடங்குகூட ஆகவில்லை, விசை மூன்று மடங்கைத் தாண்டிவிட்டது.

பலகையின் கட்டமைப்பு உறுதிக்குச் சான்று வாங்கிய பிறகு மேலே இரண்டடி கூட்டுவது, அடித்தட்டு போல்ட் துருப்பிடித்ததைப் பெயின்டால் மூடுவது, மொட்டைமாடிக் கைப்பிடிச் சுவரில் பலகையின் காலை ஊன்றுவது: இம்மூன்றையும் பார்த்தால் சான்றிதழை மறந்துவிடுங்கள். ஏற்றும் நேரமும் ஆபத்தானது. கோவை மாவட்டம் கருமத்தம்பட்டியில் 2023 ஜூனில் மூன்று தொழிலாளர்கள் இறந்தது பலகை நிறுவும் வேலையின்போதுதான்.

சவுக்குக்கம்பு:
@தூண்நடு, பேனருக்கும் அதே கணக்குதானே?

தூண்நடு:
அதேதான். 10-க்கு 8 அடிப் பேனரில் மணிக்கு 60 கிலோமீட்டர் காற்று அடித்தால் ஏறத்தாழ 125 கிலோ. அரை அடிக் குழியில் நட்ட சவுக்குக் கம்பும் கட்டுக்கம்பியும் அதைத் தாங்காது. நடுவில் அரைவட்டமாகக் கிழித்துவிட்டால் காற்று போய்விடும் என்பார்கள். நாலைந்து கிழிசலால் குறைவது கொஞ்சம்தான். 2019 செப்டம்பரில் பள்ளிக்கரணையில் 23 வயது மென்பொருள் பொறியாளர் மேல் விழுந்த பேனர், சாலை நடுத்தடுப்பில் கட்டியது. ஸ்கூட்டரிலிருந்து சரிந்தவர் மேல் பின்னால் வந்த தண்ணீர் லாரி ஏறியது. பேனர் சின்னதா பெரியதா என்பதைவிட, விழுந்தால் எங்கே விழும் என்று பாருங்கள்.

எல்லைக்கல்:
நடுத்தடுப்பு சாலைக்குச் சொந்தக்காரருடையது. எதிர்க்கடைக்காரர் கொடுக்கும் சம்மதக் கடிதத்துக்கு அங்கே மதிப்பில்லை. தேசிய நெடுஞ்சாலையா, மாநில நெடுஞ்சாலையா, மாநகராட்சிச் சாலையா என்று முதலில் பாருங்கள். எல்லைக்கல்லைத் தேடினால் பாதிச் சண்டை தீர்ந்துவிடும். தூண் பட்டா நிலத்தில் இருந்து பலகை மட்டும் சாலைப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தாலும் ஆக்கிரமிப்புதான்.

வார்டு_9:
தேர்தல் காலத்துக்கு ஒரு வரி. தேதி அறிவித்ததும் அரசியல் விளம்பரங்களை அரசு கட்டடங்களிலிருந்து 24 மணி நேரத்தில், பொது இடங்களிலிருந்து 48 மணி நேரத்தில், தனியார் இடங்களில் அனுமதியில்லாமல் இருப்பவற்றை 72 மணி நேரத்தில் அகற்ற வேண்டும். தேர்தல் சுவரொட்டியில் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயரும் முகவரியும் கட்டாயம் (மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம், பிரிவு 127ஏ).

புகார் கொடுப்பவர்களுக்கு: முழுப் பேனர் ஒரு படம், அடிப்பட்டை ஒரு படம், பக்கத்து மின்கம்பத்தின் எண் ஒரு படம். கம்பத்தின் எண்ணைக் கொடுத்தால் "இடம் தெரியவில்லை" என்று திரும்பி வராது. சென்னையில் மாநகராட்சியின் 1913-க்கு அழைக்கலாம். ஊழியர்கள் வந்து ஃப்ளெக்ஸை மட்டும் கிழித்துக்கொண்டு போய் "அகற்றப்பட்டது" என்று முடித்துவிடுவார்கள். இரும்புச் சட்டகம் நின்றுகொண்டே இருக்கும், அடுத்த வாரம் வேறு முகம் ஏறும். அதனால் புகாரிலேயே "சட்டகத்தோடும் கம்போடும் அகற்ற" என்று எழுதிவிடுங்கள்.