ஓட்டு வீட்டு ஓரப்பலகை இத்துப்போச்சு: பலகையை மட்டும் மாத்தினா போதுமா?

கேள்வி: ஓட்டுவீட்டான்

நாகர்கோவில் பக்கம் மங்களூர் ஓடு போட்ட பழைய வீடு. ஓட்டைத் தாங்குற சாய்வுச் சட்டம், அதாவது கைமரம், தேக்கு. மேற்குப் பக்கம் கைமர நுனிகளை மூடி 30 அடி நீளத்துக்கு 6 இன்ச் ஓரப்பலகை, அதுல மழைத்தண்ணி பிடிக்கிற தகரப் பாத்தி மாட்டியிருக்கு. பலகை மூணு இடத்துல மெத்துன்னு ஆயிடுச்சு. பாத்தி கிளாம்ப் ஒண்ணு ஆணியோட கையில வந்துடுச்சு. ரெண்டு கைமர நுனியும் கறுத்திருக்கு. பலகைக்கு வெளியே பெயின்ட் நல்லாத்தான் இருக்கு, பின்பக்கம்தான் மோசம். பட்டி வச்சு பெயின்ட் அடிச்சுடலாம்னு மேஸ்திரி சொல்றார். ஆசாரி முழுப் பலகையையும் மாத்தணும்ங்கிறார். யார் சொல்றது சரி?

பதில் 1: காடிவாய்

ஆசாரி சொல்றதுதான் சரி, ஆனா பாதிதான். பின்பக்கம் இத்து முன்பக்கம் நல்லா இருக்குன்னா மழை நேரா அடிச்சு கெடலை. ஓட்டு நுனியில இருந்து சொட்டுற தண்ணி பாத்திக்குள்ள விழாம பலகைக்குப் பின்னால இறங்குது. இதைச் சரி பண்ணாம தேக்கே போட்டாலும் நிக்காது.

ஏணி வச்சு மூணு விஷயம் பாருங்க. அடி வரிசை ஓடு பாத்திக்குள்ள 2 இன்ச்சாவது நீட்டியிருக்கா? பாத்தியோட பின்விளிம்பு முன்விளிம்பைவிட உயரமா இருக்கா? இல்லைன்னா சருகு அடைச்ச உடனே தண்ணி பலகைப் பக்கம்தான் வழியும். தண்ணி ஓடுற பக்கம் பாத்தி சாயுற வாட்டம் சரியா இருக்கா? 10 அடிக்கு அரை இன்ச், உங்க 30 அடிக்கு ஒன்றரை இன்ச்.

பலருக்கும் கண்ணுல படாத ஒண்ணு இருக்கு. ஓடு உக்கார்ற குறுக்குச் சட்டம்தான் ரீப்பர், அதுல கடைசி ரீப்பர் மத்த ரீப்பரைவிட ஒரு ஓட்டுக் கனம் உயரமா இருக்கணும். மேல் வரிசை ஓடுகளுக்குக் கீழே இன்னொரு ஓடு இருக்கு, அடி வரிசைக்கு அது கிடையாது. அந்த உயரம் இல்லைன்னா, இல்ல பலகை இத்து இறங்கிட்டா, அடி ஓடு மூக்கைக் கவிழ்க்கும். மேல் வரிசையோட சேர்ற இடத்துல வாய் பிளந்து தண்ணி உள்ளே போகும். உங்க கைமர நுனி கறுத்ததுக்கு இதுதான் காரணமா இருக்கலாம்.

பதில் 2: ஆயினிமரம்

கைமரத்தை ஸ்க்ரூடிரைவரால குத்திப் பாருங்க. கால் இன்ச்சுக்குள்ள நின்னுட்டா மேல்தோல்தான், சுரண்டிட்டு மருந்து அடிச்சா போதும். அரை இன்ச்சுக்கு மேல சுலபமா இறங்கினா வெட்டித்தான் ஆகணும். கெட்டி மரம் வர்ற வரைக்கும் வெட்டி, பக்கத்துல அதே அளவு மரத்தைச் சேர்த்து 10 எம்எம் போல்ட்டு, வாஷரோட முறுக்குங்க. வெளியே ஒன்றரை அடி நீண்டா உள்ளே 3 அடியாவது போகணும், சுவர்மேல் படுத்திருக்கிற கட்டையில உக்காரணும். வெறும் நுனியில ஒட்டுப் போட்டா பாத்தி நிறைஞ்ச பாரத்துக்குத் தொங்கிடும்.

மருந்துக்கு 10 லிட்டர் வெந்நீர்ல 300 கிராம் வெண்காரம் (போராக்ஸ்), 200 கிராம் போரிக் ஆசிட். ரெண்டு மூணு கோட் நல்லா ஊறுற மாதிரி அடிச்சு, ரெண்டு நாள் பிளாஸ்டிக் ஷீட்டால மூடி வைங்க. கொஞ்சம் ஈரமான மரத்துலதான் உள்ளே போகும். மழைத்தண்ணி பட்டா கரைஞ்சு போயிடும், அதனால காஞ்சதும் பெயின்ட் கட்டாயம்.

பட்டி வேலைக்கு ஆகாது. ஈர மரம் உப்பிச் சுருங்கும், பட்டி அப்படியே நிக்கும், விளிம்புல விரிசல் விட்டு உள்ளே தண்ணியைத் தேக்கும்.

பதில் 3: காடிவாய்

புதுப் பலகைக்கு ஆயினி மரம், இல்ல தேக்கோட நடுவுல இருக்கிற கெட்டியான வைரப்பகுதி. வெளிர்ப்பகுதி தேக்கா இருந்தாலும் இத்துப்போகும், கடையிலயே பாத்து ஒதுக்குங்க. மாட்டுறதுக்கு முன்னாடியே ஆறு பக்கமும் பிரைமர். வெட்டுமுனைக்கு ரெண்டு கோட், அங்கேதான் மரம் தண்ணியைக் குடிக்கும். ஏணியில நின்னு அறுக்கிற துண்டுக்கும் அங்கேயே தொட்டு அடிக்கணும், இதைத்தான் எல்லாரும் விடுறாங்க. அடி விளிம்புல அரை இன்ச் உள்ளே தள்ளி கால் இன்ச் காடி (நீளப் பள்ளம்) ஓட்டினா தண்ணி அங்கேயே சொட்டிடும், பின்னால ஏறாது. ரெண்டு பலகை சேர்ற இடம் கைமர நுனிமேல வரட்டும், நேரா வெட்டாம 45 டிகிரி சாய்ச்சு வெட்டுங்க. துருப்பிடிக்காத எஸ்எஸ் (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) ஸ்க்ரூ போடுங்க. இரும்பாணி துருப்பிடிச்சா சுத்தியிருக்கிற மரமும் சேர்ந்து கெடும்.

ஓட்டுக்குக் கீழே 9 இன்ச் அகல ஜிஐ (துத்தநாகம் பூசின) தகரம் ஒண்ணு, கடைசி ரீப்பர் மேல ஏறி பாத்திக்குள்ள 2 இன்ச் மடிஞ்சு இறங்கணும். முழு வேலையிலும் காசுக்கு மதிப்பு இதுக்குத்தான்.

ஓட்டுவீட்டான்

நன்றி அண்ணே. மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த டபிள்யூபிசி பலகை போட்டா இந்தத் தொல்லையே இல்லைன்னு கடையில சொல்றாங்களே? வேலையை எப்ப வச்சுக்கலாம்?

பதில் 4: ஆயினிமரம்

டபிள்யூபிசி இத்துப்போகாது, கரையான் தொடாது. ஆனா மேற்கு வெயில்ல நீளும், சேர்ற இடத்துல இடைவெளி விடணும். டபிள்யூபிசில முறுக்கின ஸ்க்ரூ மட்டும் பாத்தி பாரத்தைத் தாங்காது. கிளாம்பைக் கைமரத்துல அடிக்கிறதா இருந்தா தாராளமா போடுங்க.

உங்க பக்கம் ரெண்டு பருவமழையும் உண்டு. பிப்ரவரி, மார்ச்சுல வச்சுக்கிட்டா மரம் காஞ்சிருக்கும், ஈரத்துல அடிச்ச பெயின்ட் மாதிரி கொப்பளிக்காது. அடி ஓட்டை எடுக்க மேல் வரிசையைக் கொஞ்சம் தூக்கினா போதும். ஓட்டு மேல மிதிக்காம கைமரத்துக்குக் குறுக்கே பலகை போட்டு நில்லுங்க. பழைய எனாமலைத் தேய்க்கும்போது மாஸ்க் போடுங்க, அதுல ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம்.