தேவன் எல்லாம் நல்லதா படைச்சாருன்னா தீமை எங்கிருந்து வந்துச்சு?

ராயபுரம் வாலிபன்: ஞாயித்துக்கிழமை வாலிபர் கூட்டத்துல இந்தக் கேள்வி வரும். சாத்தான் விழுந்ததைச் சொல்லுதுன்னு பலர் எடுத்துக்குற ஏசாயா 14 காட்டினா போதுமா? அறிக்கை பண்ணின பாவமே திரும்ப வருதே, அது ஏன்?

காசிமேடு பிரதர்: போதாது தம்பி. 14:4-லயே பாபிலோன் ராஜான்னு இருக்கு, பசங்க பிடிச்சுக்குவாங்க. ஆதி சபை இறையியலாளர் அகஸ்டின் சொன்னதை எடுங்க: தீமை தனியா படைக்கப்பட்ட பொருள் இல்ல, நன்மையோட குறைவு. சித்தம் தேவனை விட்டுத் திரும்பினதுல வந்தது. ஏன் திரும்புச்சுன்னு வேதம் விளக்கல. அங்க கதை கட்டாதீங்க.

தண்டையார்பேட்டை சிஸ்டர்: ரெண்டாவதுக்கு யாக்கோபு 1:14-15. இச்சை கர்ப்பந்தரிச்சுதான் பாவம் பிறக்குது. நாம பிறக்குற நேரத்துல தடுக்கப் பாக்குறோம், லேட்டு. ராத்திரி போன்தான் தூண்டுதுன்னா ஹால்ல சார்ஜ் போடுங்க. விட்ட இடத்தைக் காலியா வைக்காதீங்க. மத்தேயு 12:45, வெளிய போன அசுத்த ஆவி வீடு காலியா இருந்தா இன்னும் ஏழு ஆவியோட திரும்ப வரும். அறிக்கை ஒருத்தர்கிட்ட போதும், வாட்ஸ்அப் குரூப்ல வேணாம்.

காசிமேடு பிரதர்: சரீரத்தோட செய்கைகளை அழிக்கிறது "ஆவியினாலே"ன்னு ரோமர் 8:13-ல இருக்கு, அதையும் சேருங்க சிஸ்டர். இல்லன்னா வெறும் வைராக்கியம், நாலு நாள்கூட நிக்காது.