கார்பன் சரியா வருது, ஆக்சிஜன் மட்டும் நழுவுது, ஏன்?

மூணு வாரமா மண்டை காயுது. ஸ்டாலக்மைட் (குகைத் தரையில வளர்ற சுண்ணாம்புத் தூண்) கார்பனேட் பவுடர ஃபாஸ்பாரிக் ஆசிட்ல ரியாக்ட் பண்ணி, வர்ற கார்பன் டை ஆக்சைட ஹீலியம் ஃப்ளோல ஐஆர்எம்எஸ்க்கு (ஐசோடோப் விகிதம் அளக்குற மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர்) அனுப்புறோம். சூடு பண்ற பிளாக் 72 டிகிரி செல்சியஸ், ஒரு வயல்ல (vial, சின்னக் குப்பி) சுமார் 150 மைக்ரோகிராம் பவுடர்.

டெல்டா-13சி (கார்பன் ஐசோடோப் விகிதம்) ரன் முழுக்க 0.06 பெர் மில்லுக்குள்ள (ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு பெர் மில்) நிக்குது. டெல்டா-18ஓ (ஆக்சிஜனோடது) மட்டும் முதல் வயல்ல இருந்து கடைசி வயலுக்குள்ள 0.4 குறைஞ்சிடுது, அதுவும் மதிப்பு தெரிஞ்ச ஸ்டாண்டர்டான என்பிஎஸ் 19லயே (இருக்க வேண்டியது -2.20), அதனால சாம்பிள் மேல பழி போட முடியாது. கார்பனேட் உருவான வெப்பநிலை ஒரு டிகிரி மாறினா டெல்டா-18ஓ சுமார் 0.2 பெர் மில் மாறும்னு கணக்கு, அப்போ என் டிரிஃப்டே ரெண்டு டிகிரி பொய் சொல்லுது, இத வெச்சு பழைய காலநிலை பத்தி என்னத்த எழுதுறது!

ஹீலியம் சிலிண்டர், செப்டா (வயல் மூடியில இருக்கிற ரப்பர் அடைப்பு) ரெண்டும் மாத்தியாச்சு. வயல்கள ராத்திரி முழுக்க ஓவன்ல காய வெச்சாச்சு. பிளாக் டெம்பரேச்சர தனி தெர்மோமீட்டர் வெச்சு பாத்தேன், சரிதான். மாஸ் 40ல ஆர்கான் (காத்துல இருக்கிற வாயு) ஏறல, ஸோ வெளிக்காத்து உள்ள வர்ற லீக் இல்லனு நினைக்கிறேன். ரெஃபரன்ஸ் கேஸ் லீனியாரிட்டியும் (கேஸ் அளவு மாறினாலும் ரீடிங் மாறாம இருக்கிறது) ஓகே.

மாத்தாம இருக்கிறது ஆசிட் மட்டும்தான், பாட்டில் திறந்து நாலு மாசம் ஆச்சு. எல்லா வயல்லயும் ஒரே நேரத்துல ஆசிட் விட்டுடுறதால கடைசி வயல் 12 மணி நேரம் காத்திருக்கு.

ஆசிட் ஈரம் இழுத்து, அந்தத் தண்ணியோட கேஸ் ஆக்சிஜன மாத்திக்கிறதால மட்டுமே 12 மணி நேரத்துல 0.4 நகருமா, யாராவது இத நேர்ல பாத்திருக்கீங்களா?