கலிஃபோர்னியாவில் 20 நாள் முன்னறிவிப்பு: பட்டவர்கள் சொல்வது

ஹேவர்ட் கணக்கர்:
எங்கள் டைல்ஸ் கிடங்கில் நான் சேர்ந்த சமயத்தில், ஓர் அடுக்குமாடிக் கட்டடத்திற்காகக் கடனில் சரக்கு எடுத்துவந்த துணை ஒப்பந்ததாரர் தொழிலையே மூடிவிட்டிருந்தார். சரக்குக் கொடுக்கத் தொடங்கி 20 நாளுக்குள், 'இந்தக் கட்டடத்துக்கு நாங்கள் சரக்குத் தருகிறோம்' என்று உரிமையாளர் முதலியோருக்கு அனுப்ப வேண்டியது முன்னறிவிப்பு. மார்ச்சில் தொடங்கிய சப்ளைக்கு மே 20 அன்றுதான் அது தபாலில் சேர்க்கப்பட்டிருந்தது. வழக்கறிஞர் டெலிவரிப் பேரேட்டை வாங்கி, ஏப்ரல் 30ஆம் தேதி வரிக்கு மேலே அடிக்கோலை வைத்துக் கோடு கிழித்து, "இதற்குக் கீழே உள்ளதற்கு மட்டும்தான் லீன்" என்றார். லீன் என்றால், வராத பாக்கிக்காகக் கட்டடத்தின் மீதே பதிவு செய்யும் உரிமை. பெரிய லோடுகள் எல்லாம் கோட்டுக்கு மேலே இருந்தன. அந்தச் சிவப்புக் கோடு இன்னும் கண்ணை விட்டு அகலவில்லை. 20 நாள் தவறினால் எல்லாம் போயிற்று என்று எண்ணிக்கொள்ளுங்கள்.

ஃப்ரிமாண்ட்வாசி:
நான் மறுபக்கம். சமையலறை வேலை நடந்துகொண்டிருந்தபோது, கேள்விப்பட்டிராத ஒரு பைப் கடையிலிருந்து சர்டிஃபைட் மெயில் வந்தது. ஒப்பந்ததாரருக்கு முழுப் பணத்தையும் கொடுத்திருந்தாலும் வீட்டின் மீது லீன் விழலாம் என்று தடித்த எழுத்தில் இருந்ததைப் படித்துவிட்டு, மதுரையிலிருந்து வந்திருந்த மாமனார், "வீட்டை ஜப்தி பண்ணப் போறாங்களாம்மா?" என்று கேட்டார். ஒப்பந்ததாரரோ, ஏணியிலிருந்து இறங்காமலே, "எல்லாருக்கும் வருவதுதான், குப்பையில் போடுங்கள்" என்றார். அவர் அந்தக் கடைக்குப் பணம் கட்டவே இல்லை. அதே பைப்புகளுக்கு நாங்கள் இரண்டாம் முறை கொடுத்தோம்.

சாக்ரமெண்டோ மின்பணி:
ஹேவர்ட் நண்பர் எழுதிய கடைசி வரி புதியவர்களைப் பயமுறுத்திவிடும். தாமதமாக அனுப்பினாலும், அனுப்பிய நாளுக்கு முந்தைய 20 நாட்களும் அதன்பின் செய்யும் வேலை முழுவதும் காப்பாற்றப்படும். அவருடைய வழக்கறிஞரின் கோடே அதற்குச் சாட்சி. ஃப்ரிமாண்ட்வாசி அவர்களே, அந்தக் கடிதம் குற்றச்சாட்டு அன்று. சட்டம் அனுப்பச் சொல்கிறது, அதனால் அனுப்புகிறார்கள். நாணயமான ஒப்பந்ததாரரின் வேலையிலும் அது வரும். அதை உரிய இடத்தில் வைத்துக்கொண்டு, பணம் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் கடிதம் அனுப்பியவர்களிடமிருந்து, பணம் சேர்ந்ததும் லீன் உரிமையை விட்டுவிடுவதாகச் சொல்லும், நிபந்தனையுடன் கூடிய விடுவிப்புப் படிவம் கேட்டிருக்கலாம், அல்லது ஒப்பந்ததாரர் பெயரும் கடையின் பெயரும் சேர்ந்த காசோலையாகக் கொடுத்திருக்கலாம். சப்ளை செய்பவர்களுக்கு: உரிமையாளர், முதன்மை ஒப்பந்ததாரர், கட்டுமானக் கடன் கொடுத்த வங்கி ஆகிய மூவருக்கும் அனுப்புங்கள்; பெரும்பாலும் விட்டுப்போவது வங்கிதான். ஒரே கட்டடத்தில் இரண்டு துணை ஒப்பந்ததாரர்களுக்குச் சரக்குக் கொடுத்தால் அறிவிப்பும் இரண்டு. தபால் ரசீதைத் தொலைக்காதீர்கள். இங்குள்ள கணக்கை அப்படியே ஃப்ளோரிடாவுக்கு எடுத்துச் செல்லாதீர்கள். அங்கே உரிமையாளருக்கான அறிவிப்புக்கு 45 நாள், நேரத்தில் சேராவிட்டால் லீன் உரிமையே இல்லை. என் கதை சிறியது: பள்ளிக்கூட வேலை ஒன்றில் பாக்கி நின்றபோது, அலுவலகப் பெண்மணி என் தாளைத் திருப்பி நீட்டி, "அரசு நிலத்தின் மேல் லீன் கிடையாதே" என்றார். முன்னறிவிப்பு முன்பே போயிருந்ததால், ஒப்பந்ததாரருக்குப் போக வேண்டிய பணத்தில் என் பாக்கியைப் பிடித்துவைக்கச் சொல்லும், பட்டுவாடாவை நிறுத்தும் அறிவிப்பின் மூலம் பணம் வந்தது.

ஸ்டாக்டன் டிரைவால்:
மேலே சொன்ன அத்தனையும் ஒழுங்காகச் செய்திருந்தும் எனக்குப் பணம் வரவில்லை. லீனைப் பதிவு செய்ய, வேலை முடிந்தபின் 90 நாள் இருக்கிறது என்று இருந்தேன். வேலை முடிந்துவிட்டது என்று சொல்லும் நிறைவு அறிவிப்பை வீட்டு உரிமையாளர் கவுண்டியில் (மாவட்ட நிர்வாகத்தில்) பதிவு செய்துவிட்டதால், எங்களைப் போன்ற துணை ஒப்பந்ததாரர்களுக்கு அது 30 நாளாகக் குறைந்துவிட்டது. வணிகக் கட்டடமாக இருந்தால், பதிவு செய்ததை அவர் எனக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தாமே குடியிருக்கும், நான்கு குடியிருப்புகளுக்கு மேற்படாத வீட்டின் உரிமையாளருக்கு அந்தக் கடமை இல்லை. கவுண்டி அலுவலகத்தில் இருந்தவர் கணினித் திரையை என் பக்கம் திருப்பி, பதிவுத் தேதியை விரலால் தொட்டுக் காட்டினார். அன்று 34ஆம் நாள். சாக்ரமெண்டோ நண்பரே, ஒவ்வொரு வீட்டுக்கும் கவுண்டிப் பதிவைப் பார்த்துக்கொண்டிருக்க உங்கள் அலுவலகத்தில் தனியாக ஆள் வைத்திருக்கிறீர்களா, இல்லை வேறு வழி உண்டா?