நெல்லைச் சீமைப் பொத்தைகளுக்கு (பாறைக்குன்றுகளுக்கு) எந்தக் கேம் பொருந்தும்? – உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

பாளையங்கோட்டை உறுப்பினர்:

பாறைப் பிளவுக்குள் சுருக்கி வைத்தால் விரிந்து பிடித்துக்கொண்டு, ஏறுபவர் விழும்போது கயிற்றைத் தாங்கும் கருவிதான் கேம். எந்த நிறுவனத்தின் கேமை வாங்கலாம் என்று இளைஞர்கள் பலர் கேட்கிறார்கள். போல்ட் அடிக்காத பாறையில், பிளவுக்குள் தாமே கருவியை வைத்து ஏறி, பின்னால் வருபவர் அதைக் கழற்றிக்கொண்டு வரும் மரபு முறைக்கு நம் பக்கத்தில் ஆட்கள் சேர்ந்து வருவது மனத்துக்கு நிறைவாக இருக்கிறது. ஆனால் நிறுவனத்திலிருந்து தொடங்கினால் பணம்தான் வீணாகும். நீங்கள் ஏறப்போகும் பாறை எது, அதில் என்ன அகலத்தில் பிளவுகள் இருக்கின்றன, அந்தப் பிளவின் இரு சுவர்களும் கெட்டியானவையா என்பதைப் பார்த்த பிறகு கடைக்குப் போவதே சரி. அப்படிப் பார்த்து வாங்கியவர்கள் கண்டதை எழுதினால் புதியவர்களுக்கு உதவும். நானே தொடங்கிவைக்கிறேன்.

நம் ஊர்ப் பொத்தைகளில் பெரும்பாலும் நைஸ் பாறையும் சார்னோக்கைட்டும்தான். இரண்டும் கெட்டியான பாறைகள். ஆனால் வெயிலும் மழையும் மாறி மாறித் தாக்கி, மேற்பரப்பு வெங்காயத் தோல் போலப் படலம் படலமாக உரிந்து நிற்கும். தரையிலிருந்து பார்த்தால் அருமையான பிளவு என்று தோன்றும். பக்கத்தில் போனால்தான் அதன் ஒரு சுவர் மலை, மறு சுவர் நாலைந்து அங்குலக் கனமுள்ள பலகைக்கல் என்று தெரியும். அந்தப் பலகைக்குப் பின்னால் கேம் வைக்கலாமா என்பதுதான் இங்கே முதல் கேள்வி.

கேம் வேலை செய்யும் விதம் தெரிந்தால் விடை தானே வரும். அதன் பற்சக்கரம் போன்ற லோப்கள் மடக்கைச் சுருள் வடிவில் வெட்டப்பட்டவை. அதனால் குறுகினாலும் விரிந்தாலும் பாறையைத் தொடும் கோணம் மாறாது. ஃப்ரெண்டு என்ற பழைய கேம் வகையில் அது 13.75 பாகை. கயிறு கீழே இழுக்கும்போது லோப்கள் பக்கவாட்டில் தள்ளுகின்றன. அந்தக் கோணத்தில் கணக்குப் போட்டால், ஒவ்வொரு சுவரின் மீதும் விழும் தள்ளல் இழுவிசையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஒருவர் விழும்போது கேமில் 6 கிலோநியூட்டன் இழுப்பு வந்தால் இரு சுவர்களையும் சுமார் 12 கிலோநியூட்டன் நெம்பும். 1,200 கிலோ எடைக்குச் சமமான நெம்பலை அந்தப் பலகைக்கல் தாங்குமா? கேம் உடையாது. கல் பிரிந்து, கேமும் ஆளும் கல்லும் சேர்ந்து கீழே வருவார்கள். கீழே பாதுகாப்புக் கயிற்றைப் பிடித்து (பிலே) நிற்பவரின் தலைக்கு நேராக அந்தக் கல் வரும் என்பதையும் நினைத்துக்கொள்ளுங்கள்.

நாங்குநேரிப் பக்கத்துப் பொத்தை ஒன்றில் இதைக் கண்ணால் கண்டேன். ஆள் உயரப் பலகைக்கல், அதன் ஓரத்தில் சிவப்பு நிறக் கேம் அச்சாக உட்கார்ந்தது. லோப்கள் நான்கும் பாதிக்கு மேல் சுருங்கி, இரு பக்கமும் சமமாகத் தொட்டுக்கொண்டிருந்தன. பாடப் புத்தகத்தில் படம் போடலாம். கூட வந்த நண்பர் கீழே பத்திரமான பிடிப்பில் கட்டிக்கொண்டு, அதில் ஒரு ஸ்லிங்கை (தைத்த நாடா வளையத்தை) மாட்டிக் காலை வைத்து மெல்ல அழுத்தினார். பலகையின் அடியோரத்திலிருந்து பொடி மணல் ஒரு கோடாகக் கொட்டியது. கேம் அசையவில்லை, கல்தான் அசைந்தது. கழற்றி எடுத்துக்கொண்டு வலப்பக்கத்தில் மலையின் உடம்பிலேயே ஓடிய குறுகலான வெடிப்புக்கு மாறினோம்.

ஆகவே கேம் வைக்கும் முன் கைமுட்டியாலோ காரபைனர் கொக்கியாலோ கல்லைத் தட்டிப் பாருங்கள். நெல்லையப்பர் கோயில் இசைத்தூண்களைத் தட்டிக் கேட்டு வளர்ந்தவர்களுக்குக் கல்லின் குரலைச் சொல்லித்தர வேண்டியதில்லை. கணீரென்று கேட்டால் உள்ளே உடம்பு இருக்கிறது. பொத்தென்று கேட்டால் உள்ளே வெற்றிடம். கைவிடப்பட்ட கல்குவாரிச் சுவர்களில் நேர்த்தியான பிளவுகள் கண்ணில் படும். அவை வெடி வைத்ததில் உண்டானவை. எந்தப் பக்கம் ஒட்டியிருக்கிறது, எந்தப் பக்கம் விட்டிருக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது. 2022 மே மாதம் அடைமிதிப்பான்குளம் குவாரியில் பாறை சரிந்து உயிர்கள் போனதை மாவட்டமே பார்த்தது. குவாரிச் சுவரில் ஏறவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

அளவு விஷயத்துக்கு வருகிறேன். கேமின் மேல் பொறித்த எண்ணை நம்பி வாங்காதீர்கள், மில்லிமீட்டரைப் பாருங்கள். பிளாக் டயமண்ட் நிறுவனத்தின் 2ஆம் எண் கேம் முழுக் கையும் நுழையும் பிளவுக்கு. மெடோலியஸ் நிறுவனத்தின் 2ஆம் எண் கேம் விரல் நுழையும் பிளவுக்கு. பிளாக் டயமண்டின் கேமலாட் வரிசையில் 1 என்பது 30.2 முதல் 52.1 மி.மீ. வரை, 2 என்பது 37.2 முதல் 64.9 வரை, 3 என்பது 50.7 முதல் 87.9 வரை. இரண்டு அச்சு இருப்பதால்தான் ஒரே கேமுக்கு இவ்வளவு வீச்சு. கேமலாட்டில் 1 சிவப்பு, 2 மஞ்சள், 3 நீலம். வைல்டு கன்ட்ரி, டிஎம்எம் நிறுவனங்களும் இதே அளவுகளுக்கு இதே நிறங்களைத்தான் தருகின்றன, டிஎம்எம்மில் எண்கள் மட்டும் வேறு. ஒரு குழுவில் நாலு பேர் ஆளுக்கொன்றாக வாங்குவதாக இருந்தால் இந்த நிற ஒற்றுமை பெரிய வசதி. மேலே தொங்கிக்கொண்டிருப்பவர் எண்ணைப் படித்துக்கொண்டிருக்க முடியாது. நிறத்தைப் பார்த்துத்தான் கை போகும்.

நான் ஏறும் பொத்தைகளில் அதிகம் கைகொடுப்பவை கேமலாட் எண் 0.5 முதல் 2 வரை. 3 எப்போதாவது. அதற்கு மேல் இதுவரை எனக்குத் தேவைப்படவில்லை.


தென்காசி உறுப்பினர்:

அண்ணாச்சி, அளவைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். "கை நுழையும் பிளவு" என்று பொதுவாகச் சொல்கிறோம், யாருடைய கை? எனக்குச் சிறிய கை. உங்களுக்கு மஞ்சள் கேம் பொருந்தும் பிளவில் என் கை இறுகாது, முஷ்டி பிடித்துத்தான் ஏற வேண்டும். சிவப்புக்குரிய பிளவில் என் கை கச்சிதமாக அடங்கும். ஆகவே ஏற வரும் பெண்கள், மற்றவர் சொல்லும் கை அளவைக் கேட்காமல், தங்கள் விரல், உள்ளங்கை, முஷ்டி மூன்றையும் அளவுகோலால் ஒருமுறை அளந்து எந்த நிறக் கேமோடு ஒத்துப்போகிறது என்று எழுதி வைத்துக்கொள்ளட்டும். பிளவுக்குள் கையை விட்டதுமே எந்தக் கேம் என்று மனம் சொல்லிவிடும்.

இன்னொன்று, கேமுக்கு முன் நட் (பிளவில் செருகும் ஆப்பு வடிவ உலோகத் துண்டு) வாங்குங்கள். எல்லாரும் கேமைப் பற்றியே பேசுகிறோம். ஒரு கேமின் விலையில் கம்பியில் கோத்த நட் ஒரு வரிசையே வாங்கிவிடலாம். நம் பாறையில் மேலே அகன்று கீழே குறுகும் வெடிப்புகள் நிறைய உண்டு. அவற்றில் நட் ஆப்புப் போல உட்காரும். அசையும் பாகம் எதுவும் இல்லை, கெட்டுப்போகவும் எதுவும் இல்லை. நட் வைத்துப் பழகியவருக்குத்தான் பிளவின் உட்புறத்தைப் படிக்கத் தெரியும். லோப்களைச் சுருக்கும் டிரிகரை இழுத்துச் செருகி விட்டுவிட்டு மேலே போகும் பழக்கம் முதலிலேயே வந்துவிட்டால் மாற்றுவது கடினம்.

வாய் அகன்று உள்ளே சுருங்கும் பிளவுகளுக்கு மட்டும் சாதாரணக் கேம் சரிப்படாது. வெளிப்பக்க லோப்கள் முழுக்க விரிந்தும் உட்பக்கத்தவை சுருங்கியும் நிற்கும். அங்கே டோட்டம் கேம் நன்றாக இருக்கிறது. அதில் ஒவ்வொரு லோப்புக்கும் தனியாகச் சுமை போகும்படி அமைத்திருக்கிறார்கள். விலை அதிகம். எங்கள் குழுவில் இரண்டே அளவுகள் பொதுவில் வாங்கி வைத்திருக்கிறோம்.


வள்ளியூர் உறுப்பினர்:

எங்கள் பக்கத்தில் எல்லாவற்றையும் காற்றுதான் தீர்மானிக்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக ஆனி, ஆடியில் வரும் காற்றில் பணகுடி வரைக்கும் நிற்க முடியாது. கயிறு காற்றில் வில்லாக வளைந்து ஆடும். கயிறு ஆடினால் கேமின் தண்டு ஆடும், தண்டு ஆடினால் லோப்கள் ஒவ்வொன்றாக நகர்ந்து கேம் பிளவுக்குள்ளே நடந்து போய்விடும்.

எங்களோடு ஏறிய ஒருவர் வைத்த பச்சைக் கேம் இப்படித்தான் போனது. வைத்தபோது நன்றாக இருந்தது என்று கீழேயிருந்து பார்த்த எனக்கே தெரியும். பின்னால் நான் ஏறிப் போய்ப் பார்க்கையில் ஒரு சாண் உள்ளே போய், அகன்ற இடத்தில் லோப்கள் முழுக்க விரிந்து, நுனியில் தொட்டுக்கொண்டு நின்றது. தண்டைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. இடையில் அவர் விழுந்திருந்தால் அந்தக் கேம் அவரைப் பிடித்திருக்காது.

ஆகையால் பிளவு ஓரிடத்தில் உட்புறமாக அகலுகிறதா என்று எட்டிப் பாருங்கள். இரு பக்கமும் இணையாக ஓடும் இடத்தை, அல்லது உள்ளே சற்றுக் குறுகும் இடத்தைத் தேர்ந்தெடுங்கள். கேம் பாதிக்கும் மேல் சுருங்கி இருக்கட்டும். அதற்காக முழுக்கச் சுருக்கித் திணித்தால் டிரிகருக்கு அசைய இடம் இல்லாமல் அங்கேயே சிக்கிக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் கொடுத்த பணம் பாறைக்குப் போய்விடும். காற்றுக் காலத்தில் ஒவ்வொரு கேமிலும் 60 செ.மீ. ஸ்லிங் போட்டு நீட்டிவிட்டுத்தான் கயிற்றை மாட்டுகிறோம். விழும் தூரம் சற்றுக் கூடும், ஆனால் கேம் வைத்த இடத்திலேயே இருக்கும்.

தண்டு வளையக்கூடிய கேமாகவே வாங்குங்கள். ரே ஜார்டின் கண்டுபிடித்து 1978இல் வைல்டு கன்ட்ரி விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் ஃப்ரெண்டுகளுக்கு வளையாத தண்டு. நண்பர் ஒருவரிடம் பழையது ஒன்று இருக்கிறது. நேர்ப்பிளவில் இன்றும் சிங்கம்தான். ஆனால் கிடைமட்டப் பிளவில் வைத்தால் தண்டு பாறை விளிம்பில் மோதி வளைந்துவிடும் அபாயம் உண்டு. எங்கள் பொத்தைகளில் கிடைமட்டப் பிளவுகள்தான் அதிகம்.

பிளவில் கை விடுமுன் உள்ளே பாருங்கள், காது கொடுத்தும் கேளுங்கள். மலைத்தேனீ அடை பாறைக்குடைவின் கீழ்ப்பக்கம் தொங்கும். ஏறும் வழிக்கு அருகில் அடை தெரிந்தால் அன்றைக்கு அந்தப் பாறை வேண்டாம். கயிற்றில் தொங்குபவருக்கு ஓட வழி இல்லை.


அம்பாசமுத்திரம் உறுப்பினர்:

காற்றைப் போலச் சாரலும் கணக்கில் வர வேண்டும். கேம் நிற்பது உராய்வால்தான். அந்த உராய்வு குறைந்தால் லோப் வழுக்கும். இங்கே மலையடிவாரப் பாறைகளின் பிளவுகளுக்குள் பச்சைப் பாசி படிந்திருக்கும். வெளியே காய்ந்திருந்தாலும் உள்ளே ஈரம் இருக்கும். சிறிய நைலான் தூரிகை ஒன்றை இடுப்பில் கட்டிக்கொண்டு போய், லோப் தொடும் இடத்தைத் தேய்த்துவிட்டு வைக்கிறேன். ஈரம் கசியும் பிளவென்றால் நட்டுக்கு இடம் தேடுகிறேன். தென்காசி அக்கா சொன்னதை நான் முழுக்க ஏற்கிறேன்.

பாபநாசம், மணிமுத்தாறுக்கு மேலே கண்ணைப் பறிக்கும் பாறைகள் இருக்கின்றன என்று ஆசைப்படாதீர்கள். அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம். வனத்துறை அனுமதி இல்லாமல் கால் வைக்கக் கூடாது. கோயில் உள்ள குன்றுகளிலும் வேண்டாம். ஊருக்கு வெளியே உள்ள பொத்தை என்றாலும் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் சொல்லிவிட்டு ஏறுங்கள். ஏதாவது ஆகிவிட்டால் கட்டிலோடு தூக்கி வருபவர்கள் அவர்கள்தான்.


திசையன்விளை உறுப்பினர்:

பராமரிப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. தேரியின் (செம்மணல் மேட்டின்) மணல் எவ்வளவு நுண்மையானது என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். மூடிய பைக்குள்ளும் புகுந்துவிடும். அது கேமின் அச்சில் சேர்ந்தால் டிரிகரை இழுத்து விட்ட பின்னும் ஒரு லோப் மட்டும் திரும்பி விரியாமல் நின்றுவிடும். நாலில் ஒன்று தொடாத கேம் கோணலாகச் சுழலும். கடற்காற்று உப்பும் சேர்ந்தால் சுருள்வில் துருவேறும்.

வெதுவெதுப்பான சோப்பு நீரில் லோப் பகுதியை மட்டும் முக்கி, பழைய பல் தூரிகையால் தேய்த்து, டிரிகரைப் பலமுறை இழுத்துவிட்டு, நல்ல தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். பிறகு மெழுகு கலந்த உலர் மசகு ஒரு சொட்டு. தேங்காய் எண்ணெயும் வண்டி எண்ணெயும் கூடவே கூடாது. அவை மணலை ஒட்டவைத்துக்கொள்ளும். ஸ்லிங்கில் மசகு படாமல் துணி சுற்றிக்கொள்ளுங்கள்.


பாளையங்கோட்டை உறுப்பினர்:

வள்ளியூர் அண்ணாச்சி, பச்சைக் கேம் நடந்து போன கதையை எங்கள் குழுவில் எல்லாரையும் படிக்கச் சொல்லியிருக்கிறேன். அக்கா சொன்ன நட் விஷயத்தில் எனக்கு மறுப்பு இல்லை. இருந்தாலும் இணைச் சுவர்ப் பிளவில் நட் நிற்காது, அங்கே கேமுக்கு மாற்று இல்லை. நட் ஒரு வரிசையும் 0.5, 0.75, 1, 2 கேம்கள் ஒவ்வொன்றும் இருந்தால் புதிய குழு ஒன்று தொடங்கிவிடலாம். கேமில் ஐரோப்பியத் தரமான இஎன் 12276 பொறித்திருக்கிறதா என்று பாருங்கள். இணையத்தில் மலிவாகக் கிடைக்கும் பெயர் தெரியாத கேம்களில் அது இல்லாவிட்டால் தொடாதீர்கள்.

பழைய கேம் வாங்கலாமா என்று தனியாகக் கேட்டவருக்கு: வாங்கலாம், நேரில் பார்த்து வாங்குங்கள். லோப்களின் பல் ஓரிடத்தில் மட்டும் தேய்ந்து தட்டையாகி இருக்கிறதா, அச்சு வளைந்திருக்கிறதா, டிரிகர் கம்பியில் இழை பிரிந்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். ஸ்லிங்கில் தைத்திருக்கும் துண்டில் தயாரித்த ஆண்டு இருக்கும். பயன்படுத்தாமல் பெட்டிக்குள் வைத்திருந்தாலும் பத்து ஆண்டு தாண்டிய ஸ்லிங்கை நம்ப வேண்டாம். உலோகம் நன்றாக இருந்தால் ஸ்லிங்கை மாற்றித் தைத்துத் தர நிறுவனங்கள் இருக்கின்றன. அந்தச் செலவையும் சேர்த்துக் கணக்கிட்டுவிட்டு விலை பேசுங்கள்.