வைக்கோலை மடக்கி உழுத வயலில் பயிர் வெளிறுவது ஏன்?

டெல்டாக்காரன்:
குறுவை வைக்கோலைச் சேற்றில் மடக்கி உழுது உடனே சம்பா நட்டாச்சு. 15 நாளாகியும் பயிர் வெளிறி நிக்குது. வைக்கோல் மக்கினா தழைச்சத்து (நைட்ரஜன்) கூடணும்தானே?

மண்வேதி:
கூடும், ஆனா பிறகு. ஒரு டன் வைக்கோலில் கார்பன் சுமார் 400 கிலோ, தழைச்சத்து வெறும் 6 கிலோ. அந்தக் கார்பனில் 30% நுண்ணுயிர் உடம்பில் சேர்ந்தா 120 கிலோ. அந்த உடம்பில் 8 பங்கு கார்பனுக்கு 1 பங்கு தழைச்சத்துன்னு வச்சா 15 கிலோ தழைச்சத்து வேணும். குறையுற 9 கிலோவை நுண்ணுயிர் மண்ணிலிருந்து எடுத்துக்கும், பயிருக்கு அது அப்போ கிடைக்காது. யூரியா கணக்கில் சுமார் 20 கிலோ. இது உச்சக் கணக்கு. தண்ணி கட்டின வயலில் மக்கல் மெதுவா நடக்கும், பற்றாக்குறையும் குறையும்.

டெல்டாக்காரன்:
அப்ப இன்னைக்கே யூரியாவை வீசிடவா?

சேத்துவயல்:
பொறுங்க ஐயா. முதல்ல ஒரு குத்தைப் பிடுங்கி வேரை மோந்து பாருங்க. வேர் கறுத்து அழுகின முட்டை வாடை வந்தா சல்ஃபைடு (காத்தில்லாத சேத்தில் உருவாகுற கந்தக நச்சு) பாதிப்பு. அதுக்கு யூரியா மருந்தில்ல. தண்ணிய வடிச்சு மயிரிழை வெடிப்பு விடுற வரை காயவிடுங்க. யூரியாவைக் காயப்போடுறதுக்கு முன்னாடி போடாதீங்க. காயுறப்ப நைட்ரேட்டா மாறி, திரும்பத் தண்ணி கட்டினதும் நைட்ரஜன் வாயுவா பறந்துடும். காசும் அதோட போச்சு.

மண்வேதி:
வேர் வெள்ளையா இருந்தா இலை வண்ண அட்டையை (இலையோட பச்சையை ஒப்பிட்டுப் பார்க்குற, எண் போட்ட அட்டை) வச்சுப் பாருங்க. வெள்ளைப் பொன்னிக்கு 3, மற்ற ரகங்களுக்கு 4. எண் அதுக்குக் கீழே போனா மேலுரமா யூரியா போடுங்க. அடுத்த போகம் நடவுக்கு 2-3 வாரம் முன்னாடியே மடக்கி உழுதுடுங்க.