விரல்ரேகையும் கைப்பேசியும்: வியாசர்பாடிக்கு மட்டும் தனிச் சட்டமா?

கல்மண்டபத்தான்:
“தவறு செய்யாதவன் கைப்பேசியைத் திறந்து காட்ட ஏன் அஞ்ச வேண்டும்?” என்று தண்டையார்பேட்டை நண்பர் நேற்று இங்கே உபதேசித்திருந்தார். கைதும் வழக்கும் இல்லாமல், வடசென்னையின் வியாசர்பாடியில் வண்டியை நிறுத்திய இடத்திலேயே, கைப்பேசியைத் திறக்க ஒரு பையனின் விரலை அதில் வைக்கச் சொல்லிப் போலீசார் கேட்கலாம் என்றால், குற்றம் சாட்டப்பட்ட எவரையும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்லக் கட்டாயப்படுத்தக் கூடாது என்னும் அரசமைப்பின் 20(3) பிரிவு எதற்காக இருக்கிறது?

தண்டையார்பேட்டையான்:
விரல்ரேகை தருவது சாட்சி சொல்வதாகாது என்று 1961இலேயே காத்தி காலு ஓகட் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் பதினொரு நீதிபதிகள் கொண்ட அமர்வு கூறிவிட்டது. கல்மண்டபத்தில் அதற்கு மேல் ஒரு நீதிமன்றம் இயங்குவது எனக்குத் தெரியாமல் போயிற்று.

கல்மண்டபத்தான்:
அந்த விரல்ரேகை ஆளை அடையாளம் காண்பதற்கு. இந்த விரல்ரேகையோ ஒருவனுடைய கடிதங்கள், படங்கள், வங்கிக் கணக்கு அனைத்தையும் திறப்பதற்கு. கட்டாய உண்மை கண்டறியும் சோதனை செல்லாது என்ற 2010ஆம் ஆண்டின் செல்வி தீர்ப்பையும், அந்தரங்கம் அடிப்படை உரிமை என்ற 2017ஆம் ஆண்டின் புட்டசாமி தீர்ப்பையும் படித்துவிட்டு வாருங்கள்.

தண்டையார்பேட்டையான்:
விரல்ரேகை விரல்ரேகைதான். கைப்பேசியைத் திறப்பது சாட்சியம் ஆகாது என்று கர்நாடக உயர் நீதிமன்றமும் 2021இல் கூறியிருக்கிறது.

கல்மண்டபத்தான்:
நெருக்கடி நேரம் தவிர மற்ற வேளைகளில் தேடுதல் ஆணை வேண்டும் என்று அதே தீர்ப்பு சொல்வது மட்டும் உங்கள் கண்ணில் படவில்லை.

மூலக்கடை வாசி:
கைப்பேசியைப் பறிகொடுத்துவிட்டு நடுரோட்டில் நின்றவன் நான். உங்கள் இருவருக்கும் பிரிவு எண்கள்தான் முக்கியம். திருடனுக்கு இருக்கும் அந்தரங்கம் எனக்குக் கிடையாதா?

கல்மண்டபத்தான்:
நிறுத்தப்பட்டவன் எல்லாம் திருடன் என்று யார் முடிவு செய்தது? வியாசர்பாடி என்று முகவரி சொன்னதும் மாறும் போலீசாரின் முகத்தை நாங்கள் அறிவோம். வசதியானவர்கள் வாழும் அண்ணா நகர்ப் பையனிடம் இப்படிக் கேட்பார்களா? 2024 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 105ஆம் பிரிவு, தேடுதலையும் கைப்பற்றுதலையும் ஒலி-ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. தெருவோரத்தில் கைப்பேசியைத் துழாவுவது சட்டப்படியான தேடுதல் என்றால், அந்தப் பதிவு எங்கே?

தண்டையார்பேட்டையான்:
அண்ணா நகரை இழுத்ததிலேயே வாதம் தீர்ந்துபோனது தெரிகிறது. பதினொரு நீதிபதிகள், ஐயா, பதினொரு பேர்.

கல்மண்டபத்தான்:
1961இல் கைப்பேசி இருந்ததா என்பதற்கு மட்டும் பதில் எழுதுங்கள்.

தண்டையார்பேட்டையான்:
விரல் இருந்தது.